அம்மா வீட்டுத் தேக்சாவும் செத்துப்போன என்சைமும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் மேடம், கொஞ்சம் தன்னடக்கத்தோடு இருந்தால் நல்லது என்று கம்பெனியில் கேட்டார்கள். நாலு வார்த்தை எழுதலாம். தன்னடக்கம் என்னால் ஆகாது. டி. கல்லுப்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் களையெடுத்தவர்களின் மகள் நான். வேதியியல் படித்து, துணிப் பட்டறைகளுக்கு என்சைம் விற்கிற கம்பெனியில் சேர்ந்து, மதுரையைச் சுற்றியிருக்கிற வெளுப்புப் பட்டறை, சாயப் பட்டறை அத்தனைக்குள்ளும் ரப்பர் செருப்போடு ஏறி இறங்கியவள். கண்ணாடி போட்டுக்கொண்டு, தோளில் பையோடு போனதால் பட்டறைக்காரர்கள் எனக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் நின்றால், பைக்கில் போகிற யாராவது ஒருத்தர் வண்டியை நிறுத்தி, "டீச்சர், ஏறுங்க" என்கிறார். இதற்கு மேல் எனக்கு விருது எதற்கு?

எந்தச் சூட்டில், எவ்வளவு ஊற்ற வேண்டும், எத்தனை நேரம் ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் கேன்மேல் ஒட்டியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது கேன்மேல் ஒட்ட முடியாத சங்கதி. அதைச் சொல்வதற்கு உலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கொட்டாவி விடாதீர்கள், பின்னால் பிரியாணி வருகிறது.

உலோகம் என்றாலே என்சைமுக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். திண்டுக்கல் ரோட்டில் ஒரு பட்டறையில், எவனோ சொன்னான் என்று, நெய்வதற்காக நூலில் ஏற்றிய கஞ்சியை எடுக்கிற தொட்டியில் உலோகத்தைப் பிடித்து இழுக்கிற மருந்தை மடமடவென்று கொட்டிவிட்டார்கள். துணியில் கஞ்சி அப்படியே இருந்தது. கஞ்சியைத் தின்கிற அந்த என்சைம் நிமிர்ந்து நிற்பதே கால்சியத்தின் பலத்தில்தான். கால்சியத்தை உருவியதும் அது கால் பிடுங்கின பந்தல் மாதிரி சரிந்துவிட்டது. ஆகவே எந்த உலோகம், எங்கே உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

துணியை வெளுக்க நாம் போடுவது ஹைட்ரஜன் பெராக்சைடு. வெளுத்த பிறகு மிச்சமிருக்கிற பெராக்சைடை அப்படியே விட்டால், அடுத்து ஏற்றுகிற சாயத்தைத் தின்றுவிடும். அந்த மிச்சத்தைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துப் போடுவதுதான் நம்முடைய கேட்டலேஸ் என்சைமின் வேலை. அதன் நெஞ்சுக்குள்ளேயே இரும்பு இருக்கிறது. தனக்குரிய இடத்தில் கட்டுக்கோப்பாக உட்கார்ந்திருக்கிற இரும்பு. அந்த இரும்புதான் வேலையைச் செய்கிறது.

ஆனால் இடமில்லாமல் தண்ணீரில் அலைகிற இரும்போ செம்போ பெராக்சைடோடு சேர்ந்தால் கதையே வேறு. அது பெராக்சைடை உடைத்து ஃப்ரீ ராடிக்கல் என்கிற ஒன்றைக் கிளப்பிவிடும். கல்யாணப் பந்தியில் குடித்துவிட்டு உட்கார்ந்தவன் கையை வீசினால் யார் அடி வாங்குவார்? வாசலில் நிற்பவரா? பக்கத்து இலைக்காரர்தான். ராடிக்கலும் அப்படித்தான். தூரம் போகிற அளவுக்கு அதற்கு ஆயுசு கிடையாது. பிறந்த இடத்திலேயே, கைக்கெட்டியவரை அடிக்கும். செம்பு அயனி நேராகப் போய் என்சைமின் மடியிலேயே ஒட்டிக்கொள்கிற ஜாதி. அடி அங்கேயே விழும். நூலில் ஒட்டியிருந்தால் நூல் இற்றுப்போகும். அடியைத் தடுக்கிறேன் என்று தண்ணீரில் வேறெதைக் கரைத்தாலும் பிரயோஜனம் இல்லை. செம்பை உள்ளே விடாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

இனி செல்லூருக்கு வாருங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. செல்லூரில் தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்துக்குள் காசிம் பாயின் வெளுப்பு, சாயப் பட்டறை. ஆட்டோ நுழையாது, நடந்துதான் போக வேண்டும். காசிம் பாய்க்கு என்சைமில் நம்பிக்கையே கிடையாது. வெளுத்த துணியைச் சுடுதண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுவதுதான் அவருக்குத் தெரிந்த வழி. அவருடைய மருமகள் பல்கீஸ் கல்லூரியில் ஒரு வருஷம் அறிவியல் படித்துவிட்டு, கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள். கோடையில் லாரித் தண்ணீருக்கு மாமனார் அல்லாடுவதைப் பார்த்துவிட்டு, அவளே என் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். என்சைம் போட்டால் அத்தனை அலசல் வேண்டாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மாமனாரிடம் மல்லுக்கு நின்று, பட்டறைக்குள் என்சைமைக் கொண்டுவந்தாள். என்சைமோடு அவளும் பட்டறைக்குள் வந்தாள். அதுவரை அந்த வீட்டுப் பெண்கள் யாரும் அந்த வாசலைத் தாண்டி வேலைக்கு வந்ததில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு நாள் காலையில் பல்கீஸ் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"டீச்சர், ஒரு நர்சிங் காலேஜ் ஹாஸ்டலுக்கு நீலப் போர்வை ஆர்டர். ரெண்டு லாட்டு ஓட்டியாச்சு. ரெண்டுமே திட்டுத் திட்டா நிக்குது. துணி வேற இத்துப்போன மாதிரி இருக்கு. இன்னும் ஒரு லாட்டுதான் பாக்கி. மாமா சொல்லிட்டாரு, இதுவும் போச்சுன்னா மருந்தும் வேணாம், நீயும் வீட்டோட இருந்துக்கன்னுட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? டீச்சர் வாராகன்னு சொல்லிட்டேன்."

பார்த்தீர்களா, நான் வருகிறேன் என்று சொல்வதற்கு முன்பே நான் வருவதாகச் சொல்லிவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதே இந்தத் துணிச்சலுக்காகத்தான்.

நான் போனபோது காசிம் பாய் வாசலோரம் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டறையில் இருப்பதே அந்த ஒரு நாற்காலிதான். சாய மாஸ்டர் பாண்டிக்கு ஒரு முக்காலி. பல்கீஸ் துணி ஓட்டுகிற மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பாள்.

காசிம் பாய் ஒரு நீலப் போர்வையை எடுத்து, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து அழுத்தினார். வெளுப்புக்காரர்கள் துணியின் பலம் பார்க்கிற விதம் அது. துணி டப்பென்று பிளந்தது.

"பாத்துக்கிட்டீங்களா டீச்சர்? அப்பளம் மாதிரி ஒடையிது. இதப் போத்திக்கிட்டா படிக்கிற புள்ளைக தூங்கும்?"

பாண்டி முக்காலியில் இருந்தபடியே சேர்ந்துகொண்டார். "நான் அன்னைக்கே சொன்னேன் பாய். மூக்குல ஏறாத மருந்து என்ன மருந்து? பழையபடி அலசி விட்டிருந்தா இம்புட்டுச் சங்கட்டமே இல்ல."

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. டீச்சர் பாக்கட்டும்" என்றாள் பல்கீஸ்.

"பாக்கட்டும்த்தா. பாக்குறதுக்கு ஒரு லாட்டாவது மிஞ்சியிருக்கே."

என் கைபேசி அடித்தது. மேலாளர். நல்ல மனிதர், என்னைவிட வயதில் சின்னவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். பிரச்சினையை நானே காலையில் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"மேடம், செல்லூர் போர்வெல் தண்ணிதான? இரும்பு இருக்கும். இரும்புன்னு சொல்லிருங்க. அவங்க மேலயும் தப்பில்ல, நம்ம மேலயும் தப்பில்ல. உலோகத்தப் பிடிக்கிற மருந்து ரெண்டு கேன் எறக்கிருவோம். எல்லாருக்கும் நல்லது."

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு வசதியான பதில்! தண்ணீருக்கு மாமனாரும் கிடையாது, மருமகளும் கிடையாது. பூமிக்குள்ளிருந்து வருகிறது, அதன்மேல் பழியைப் போட்டால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? ஆனால் ஒரு பதில் எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது என்றாலே எனக்கு மூக்கு அரிக்கும்.

"பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டேன்.

பையிலிருந்து கண்ணாடி டம்ளர்களை எடுத்தேன். குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் பெராக்சைடு விட்டு, கேனிலிருந்து நேராக எடுத்த என்சைமில் ஒரு சொட்டு விட்டேன். சோடாப் பாட்டிலைத் திறந்தது போல நுரை பொங்கிக்கொண்டு வந்தது. கேன் சரி. அதே குழாய்த் தண்ணீரில்தான் பொங்குகிறது என்றால், தண்ணீரும் சரி. பிறகு மிஷினில் ஊற்றுவதற்காகக் கரைத்து வைத்திருந்த என்சைமைக் கொண்டுவரச் சொல்லி, அதையும் விட்டேன். நாலு குமிழி வந்தது. ஓய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டேன். அதுவும் அப்படியே.

கேனில் உயிரோடு இருக்கிறது, மிஷினுக்குப் போகும்போது செத்துக் கிடக்கிறது. நடுவழியில் எங்கேயோ கொலை நடந்திருக்கிறது.

"பல்கீஸ், இத எங்கிட்டு வச்சுக் கரைக்கிற?"

"பின்னாடி டீச்சர். வாங்க காட்டுறேன்."

அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது, அவ்வளவு பெருமை. பட்டறையின் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில், ஒரு பெரிய செம்புத் தேக்சா. கல்யாண வீட்டில் பிரியாணி ஆக்குவார்களே, அந்தத் தேக்சா. உள்ளேயும் வெளியேயும் புளி போட்டுத் தேய்த்து, சிவக்கச் சிவக்க மின்னியது.

"மொதல்ல பிளாஸ்டிக் டிரம்முலதான் கரைச்சேன். அது கீறல் விட்டுருச்சு. கேன்ல போட்டிருக்குல்ல, சுத்தமான பாத்திரத்துல கரைக்கணும்னு? எங்க வீட்ல இதவிடச் சுத்தமான பாத்திரம் கெடையாது டீச்சர். எங்கம்மா சீரா குடுத்தது. பெராக்சைடு, வினிகர் அமிலம், என்சைம், எல்லாத்தயும் இதுலதான் கலக்குறேன். தெனமும் நானே தேய்ச்சுக் கழுவிருவேன். வேற யாரையும் தொட விடமாட்டேன்."

அடியாத்தி! குனிந்து தேக்சாவின் உள்பக்கத்தைப் பார்த்தேன்.

பிரியாணித் தேக்சாவுக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருப்பார்கள். அந்த ஈயம் இருக்கிற வரைக்கும் செம்பு வெளியே வராது. புளியும் நாரும் போட்டுத் தினமும் தேய்த்ததில் ஈயம் எப்போதோ போயிருந்தது. அமிலம் பட்டுச் செம்பு கரைகிறது. கரைந்த செம்பும் மிச்சப் பெராக்சைடும் அங்கேயே காத்திருக்க, அதற்குள் கொண்டுபோய் என்சைமை ஊற்றுகிறாள். அதே தேக்சாவில் கலக்கிய பெராக்சைடோடு செம்பு வெளுப்புத் தொட்டிக்கும் போகிறது, நூலில் ஒட்டிக்கொள்கிறது, துணியை இற்றுப்போக வைக்கிறது. எவ்வளவுக்கு எவ்வளவு பக்தியோடு தேய்த்தாளோ, அவ்வளவுக்கு அவ்வளவு புதுச் செம்பு.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வேதியியல் முடிந்துவிட்டது. வேலை இப்போதுதான் ஆரம்பம்.

என் முன்னால் மூன்று வழி இருந்தது. மேலாளர் சொன்னபடி தண்ணீர்மேல் பழி போடலாம். ஆனால் உலோகம் பிடிக்கிற மருந்தை அந்தத் தேக்சாவில் கலக்கினால், அது செம்பை இன்னும் உரித்து எடுத்துக்கொண்டு வரும். கடைசி லாட்டும் போகும், அவளும் போவாள். இரண்டாவது வழி, ஒன்றும் சொல்லாமல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்துவிட்டு, லாட்டை ஓட்டி முடித்து, கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புவது. துணி பிழைக்கும். ஆனால் முதல் இரண்டு லாட்டு ஏன் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. பழி மருந்தின் மேலும், மருந்தைக் கொண்டுவந்தவள் மேலும் அப்படியே நிற்கும். மூன்றாவது, உண்மையைச் சொல்வது. அவளுடைய அம்மா வீட்டுச் சீர்தான் காரணம் என்று மாமனார் முன்னால், பாண்டி முன்னால் சொல்வது. ஒரு மருமகளுக்கு அதைவிடக் கேவலம் வேறென்ன வேண்டும்? பாண்டி அதைச் செல்லூர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

முதலில் அவளிடம் மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன். பின்கட்டுக் கதவைச் சாத்தினேன்.

"பல்கீஸ், கோவிச்சுக்காத. இந்தத் தேக்சாதான் என்சைமக் கொல்லுது."

அவள் முகம் சிவந்துவிட்டது. "என்ன டீச்சர் பேசுறீங்க? எங்கம்மா குடுத்த சட்டியக் குத்தம் சொல்றீங்களா? இதுல ஆக்கின சோத்தத் தின்னு ஒருத்தருக்கு வயித்துவலி வந்திருக்குமா?"

"வந்திருக்காது. சோறு ஆக்கையில ஈயம் இருந்துச்சு. இப்ப எங்க இருக்கு காட்டு?"

"நீங்களும் எங்க வீட்டாளுக மாதிரியே பேசுறீங்க. எது போனாலும் எங்கம்மா வீட்டுச் சாமான்தான் கெடைக்குது எல்லாருக்கும்."

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. நானும் சாது கிடையாது. "ஏய், நான் ஒங்க மாமியா இல்ல. டம்ளரப் புடி. நீயே செய், நீயே பாரு. நான் தொடவே மாட்டேன்."

வெடுக்கென்று வாங்கினாள். கேனிலிருந்து என்சைம் எடுத்து, ஒரு பங்கைப் பிளாஸ்டிக் மக்கில் கரைத்தாள். இன்னொரு பங்கைத் தேக்சாவில் அமிலமும் பெராக்சைடும் கலந்து மிச்சம் கிடந்த தண்ணீரில் கரைத்து வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே விட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் தறி அடித்துக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு டம்ளரில் ஒரே அளவு பெராக்சைடுத் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றை விட்டாள்.

ஒன்று பொங்கி அவள் விரலில் வழிந்தது. இன்னொன்று சும்மா கிடந்தது.

திரும்பவும் செய்து பார்த்தாள். அதே கதைதான். அவள் தேக்சாவின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. விழவில்லை, நின்றது.

"நல்லா இருக்கணும்னுதான டீச்சர் தேய்ச்சேன்?"

"தெரியும்த்தா."

"இப்ப மாமாட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"பொய் சொல்ல மாட்டேன். இங்க செத்தது என் என்சைம், அதுக்கு நான் பதில் சொல்லணும். ஆனா யாரு வாயில இருந்து இது மொதல்ல வரணுங்கறத நீ முடிவு பண்ணு."

அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நானே முந்திக்கொண்டு ஏதாவது ஜோடித்துச் சொல்லியிருக்கலாம். அப்போது காப்பாற்றப்பட்டவளாகத்தான் அவள் அந்தப் பட்டறையில் இருந்திருப்பாள். அதை நான் விரும்பவில்லை. ஆனால் அவள் அழுதுகொண்டு வீட்டுக்குள் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தேக்சாவில் இருந்த தண்ணீரில் கொஞ்சத்தை இன்னொரு மக்கில் மொண்டு வைத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டினாள். "அந்தக் காதப் புடிங்க டீச்சர், கனக்கும்" என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, பட்டறையின் நடுவில், காசிம் பாயின் காலடியில் வைத்தோம். ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"மாமா, மருந்து நல்லாத்தான் இருக்கு. தண்ணியும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு லாட்டும் போனது என் தேக்சாவால. உள்ள ஈயம் போயிருச்சு. அமிலம் பட்டுச் செம்பு எறங்கி மருந்தக் கொன்னுருச்சு, துணியையும் இத்துப்போக வச்சிருச்சு. நான் கவனிக்கல. டீச்சர் சொல்லி நானே செஞ்சு பாத்துட்டேன். நீங்களும் பாருங்க."

சொல்லிவிட்டு, இரண்டு டம்ளரையும் அவர் முன்னால் செய்து காட்டினாள். ஒன்று பொங்கியது. ஒன்று பொங்கவில்லை.

பாண்டி சிரித்தார். "அப்ப மருந்து நல்லது, பொண்ணு வீட்டுச் சீர்தான் சொத்தையா?"

யாரும் அவரோடு சேர்ந்து சிரிக்கவில்லை. காசிம் பாய் நாற்காலியிலிருந்து குனிந்து தேக்சாவுக்குள் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எவ்வளவு நேரம்!

"டீச்சர், ஒரே வார்த்தைல சொல்லுங்க. கடைசி லாட்ட ஓட்டலாமா?"

"ஓட்டலாம் பாய். பிளாஸ்டிக் வாளியில கரைச்சு ஓட்டலாம்."

"ஒங்க பொறுப்பா?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்வது ரொம்பச் சுலபம். கம்பெனியும் அதைத்தான் எதிர்பார்த்திருக்கும். என் வாயில் ஆமாம் வந்துகூட விட்டது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

"இல்ல பாய். ஒங்க மருமக பொறுப்பு. நான் கையக் கட்டிக்கிட்டு நிப்பேன். தப்பு எங்கன நடந்துச்சுன்னு இந்தப் பட்டறையில அதுக்குத்தான் நல்லாத் தெரியும். அது ஓட்டினா சரியா வரும்."

மேலாளர் மட்டும் அங்கே இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். நானும் உள்ளுக்குள் மயங்கித்தான் நின்றேன், வெளியே தெரியவில்லை. பல்கீஸ் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. இம்புட்டுப் பெரிய பாரத்தைத் தலையில் ஏற்றிவிட்டீங்களே என்கிற பார்வை. அதுதான் சரியான பார்வை.

காசிம் பாய் தலையை மட்டும் அசைத்தார். "பிஸ்மில்லான்னு சொல்லி ஓட்டு."

ஓட்டினாள். புது வாளி வாங்கிவரச் சொன்னாள். ஏற்கெனவே செம்பு போயிருந்த தொட்டியை, என்னைக் கேட்காமலேயே, முழுக்கத் திறந்துவிட்டுக் கழுவச் சொன்னாள். அது எனக்குத் தோன்றி நாக்கு நுனியில் வைத்திருந்த யோசனை. அவள் சொன்னதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பாண்டி, "இதெல்லாம் எதுக்குத்தா?" என்று இழுத்தார். "அண்ணே, செம்பு போற எடத்துக்கெல்லாம் நம்ம போயித்தான் ஆகணும். வெரசா கழுவச் சொல்லுங்க" என்றாள். கழுவினார்கள்.

வெளுப்பு முடிந்தது. வெளுப்புக் காரம் தணிய அமிலம் விட்டு, என்சைம் விட்டாள். மிச்சப் பெராக்சைடு பார்க்கிற பட்டைக் காகிதம் இருக்கிறதல்லவா, பெராக்சைடு இருந்தால் நீலமாக மாறுவது, அதைத் தண்ணீரில் முக்கி எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். வெள்ளையாகவே இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டிய கைக்குள் விரல்கள் என்ன பாடு பட்டன என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு சாயம். அது பாண்டியின் வேலை. வாய்தான் அப்படி, மனிதர் தொழிலில் சுத்தம். மாலை வெயில் சந்துக்குள் சாய்கிற நேரத்தில் முதல் போர்வை வெளியே வந்தது. ஒரே நீலம். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு திட்டு கிடையாது. ஒரு துண்டைக் காய வைத்து காசிம் பாய் கையில் கொடுத்தார்கள். அவர் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து அழுத்தினார். இன்னொரு முறை, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். துணி அசையவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்புறம் தேக்சாவைக் காட்டி, "இதக் கொண்டுபோயி நல்லா ஈயம் பூசி வாங்குங்க. சம்பந்தியம்மா சாமான், பட்டறையில கெடக்கக் கூடாது. இனி இதுல சோறுதான்" என்றார். பல்கீஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் எழுந்து நின்றார். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் மிஷின் பக்கத்தில் போட்டார். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

"மருமக காலையில இருந்து நிக்கிது. உக்காரச் சொல்லுங்க."

அவள் உட்காரவில்லை. மாமனார் நிற்கும்போது எப்படி உட்காருவாள்? பாண்டிதான் எழுந்து தன் முக்காலியை காசிம் பாயிடம் தள்ளிவிட்டார். "நீங்க இதுல உக்காருங்க பாய். அப்பத்தான் அது உக்காரும்." அவர் முக்காலியில் உட்கார்ந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுததை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, செல்லூர்க்காரர்கள் நாகரிகமானவர்கள்.

வெளியே வந்து மேலாளருக்குப் போன் செய்தேன். "இரும்பு இல்ல சார். செம்பு. லாட்டு நல்லா வந்திருச்சு. உலோகம் பிடிக்கிற மருந்து வேண்டியதில்ல." ரெண்டு கேன் வியாபாரம் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் பல்கீஸ் சொல்லிச் சொல்லியே அந்தத் தெருவில் எத்தனையோ பட்டறைகள் நம்மிடம் வந்தன. கம்பெனி அதை யார் கணக்கில் எழுதியதோ எனக்குத் தெரியாது. நான் என் கணக்கில் எழுதிக்கொண்டேன், சொல்லிவிட்டேன்.

அடுத்த பெருநாளுக்கு வீட்டுக்கு அழைத்தார்கள். அதே தேக்சா, உள்ளே வெள்ளி மாதிரி புது ஈயம். பல்கீஸ் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், டம்ளர்ல போட்டுப் பாத்துட்டுச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. அவளுடைய அம்மாவும் வந்திருந்தார், அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பிள்ளைகளே, காரணத்தைக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கருவிகள் இருக்கின்றன, என் காலத்தைவிட நல்ல கருவிகள். கண்டுபிடித்த காரணத்தை யார் முன்னால், யார் வாயால், எப்போது வெளியே வைப்பது என்பதற்குக் கருவி கிடையாது. அங்கே நீங்கள்தான் நிற்க வேண்டும். அன்றைக்கு நான் நின்றேன், சரியாக நின்றேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

உங்களில் யாருக்காவது செல்லூர்ப் பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். அந்தச் சந்துக்குள் போனால், மிஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள். முதல் கேள்வியாக, எந்தப் பாத்திரத்தில் கரைக்க வேண்டும் என்று உங்களைத்தான் சோதிப்பாள். பதில் தெரிந்துகொண்டு போங்கள். அவள் உங்களுக்காக எழுந்திருக்க மாட்டாள். நீங்கள் நின்றுகொண்டே பேசுங்கள்.